மீன் லோடு பிக்கப்: ஃபில்டரில் துரு, பி0087 கோளாறு, பின்பக்க சேசிஸில் பொருக்கு. வேலையை எங்கே தொடங்கணும்?

பாம்பன்_லோடு

வணக்கம். மண்டபத்திலிருந்து மதுரைக்கு மீன் ஏற்றும் ஒரு டன் பிக்கப். 2013 மாடல், 4 சிலிண்டர் காமன் ரெயில் டீசல் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவாக ரெயில் என்ற ஒரே குழாயில் டீசலை அழுத்தி வைக்கும் வகை), இரும்பு டேங்க். டேங்குக்குள் மின்சார பம்ப் கிடையாது, மேலே இருக்கிற ஹை பிரஷர் பம்ப்தான் டீசலை உறிஞ்சி எடுக்குது.

காலையில் செல்ஃப் பத்துப் பதினைந்து விநாடி அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகுது. சூடான பிறகு பிரச்சினை இல்லை. லோடோடு மேம்பாலம் ஏறும்போது 2500 ஆர்பிஎம்முக்கு மேலே இழுவை சட்டென்று விழுந்து இன்ஜின் விளக்கு எரியுது. ஸ்கேனரில் பி0087, ரெயில் பிரஷர் குறைவு என்று வருது. ஃபில்டர் போட்டு 4000 கி.மீ. கூட ஆகலை, கழற்றிப் பார்த்தால் உள்ளே செம்மண் கரைத்த மாதிரி இருக்கு. பட்டறையில் நாலு இன்ஜெக்டரும் (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் பாகம்) பம்பும் மாற்றச் சொல்றாங்க.

இன்னொன்று சேசிஸ். பின் கமான் பட்டையைச் சேசிஸில் பிடிக்கும் ஹேங்கர் பக்கம் துரு பொருக்கு பொருக்காக உதிருது. பாடி போல்ட்டில் இரண்டு கரைந்தே போச்சு. அடுத்த மாதம் எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று சோதனை). பிளேட் வைத்து வெல்டிங் பண்ணினால் நிற்குமா? எந்த வேலையை முதலில் எடுக்கணும்?

---

நாசில்_காரைக்குடி

இன்ஜெக்டர், பம்ப் எதிலும் இப்போது கை வைக்காதீங்க. டேங்க் இந்த நிலையில் இருக்கும்போது புது இன்ஜெக்டர் போட்டால் அதையும் இதே துருதான் தின்னும். இன்ஜெக்டர் உள்ளே ஊசிக்கும் சுவருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். துருத்தூள் அதற்குள் புகுந்து வால்வு சீட்டை அரித்துவிட்டால், ரெயிலில் ஏற வேண்டிய டீசல் ரிட்டன் வழியாக டேங்குக்கே திரும்பிடும். தண்ணி அதைவிட மோசம். பம்புக்கு மசகு எண்ணெய் தனியாகக் கிடையாது, டீசல்தான் மசகு. தண்ணி போனால் இரும்பும் இரும்பும் நேரடியாக உரசும்.

செலவில்லாத சோதனைகளை முதலில் முடிச்சிடுங்க.

வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு, ஸ்டார்ட் பண்ணும் முன்னாடி, ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தி 200 மில்லி அளவுக்கு வெளிர் நிறக் கண்ணாடி பாட்டிலில் பிடிங்க. அரை மணி நேரம் அசைக்காமல் வைங்க. தண்ணி அடியில் தனியாக நிற்கும், மேலே டீசல். இரண்டும் பிரியாமல் மொத்தமும் பால் மாதிரி கலங்கி நின்றால் தண்ணி டீசலோடு கலந்துபோச்சு என்று அர்த்தம். கறுப்பாகக் கொழகொழன்னு ஏதாவது மிதந்தால் அது துரு இல்லை, தண்ணிக்கும் டீசலுக்கும் நடுவில் வளரும் கிருமிப் பாசி. அதற்கு டேங்கைக் கழுவுவதோடு கிருமிக்கொல்லி மருந்தும் வேணும்.

அடுத்து அந்த பாட்டிலை வெயிலில் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. பழுப்புத் தூள் என்றால் டேங்க் துரு. வெள்ளியாக மினுமினுன்னு ஜிகினா மாதிரி தெரிந்தால் கதையே வேற. அது பம்ப் தேய்ந்து கொட்டும் உலோகத்தூள். பம்புக்குள் போகும் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வைக் கழற்றி அந்த வாயிலும் பார்க்கணும். அங்கேயும் ஜிகினா இருந்தால் பம்ப், ரெயில், இன்ஜெக்டர், பைப் எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டி வரும். ஒன்றை மட்டும் மாற்றினால் மிச்சத்தில் தங்கியிருக்கும் தூள் புதுசையும் கெடுத்துடும்.

மூணாவது கேன் சோதனை. புது ஃபில்டர் போட்டு, 10 லிட்டர் சுத்தமான டீசல் கேனை இன்ஜின் பக்கத்தில் சூடும் பெல்ட்டும் படாத இடத்தில் இறுகக் கட்டுங்க. ஃபில்டருக்கு வரும் லைனையும் ரிட்டன் லைனையும் டேங்க் பக்கத்திலிருந்து பிரிச்சு இரண்டையும் கேனுக்குள்ள விடுங்க. ரிட்டன் டீசல் சூடாக வரும், அதனால் மெலிசான தண்ணி கேன் ஆகாது. நின்ற இடத்திலேயே காலையில் ஒரு ஸ்டார்ட், அப்புறம் ஆர்பிஎம் ஏற்றிப் பாருங்க. கோளாறு போயிட்டால் குற்றவாளி டேங்கும் லைனும்தான். போகலைன்னா அடுத்தது இன்ஜெக்டர் ரிட்டன் அளவு.

அதற்கு நாலு இன்ஜெக்டரின் ரிட்டன் குழாயையும் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அளவுக் கோடு போட்ட பாட்டில் மாட்டி, சூடான இன்ஜினை ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் 3 நிமிஷம் ஐடிலில் விடுங்க. நாலும் கிட்டத்தட்ட சமமாக இருக்கணும். ஒன்று மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்குக்கு மேலே போனால் அதை மட்டும் சோதனை மேசைக்கு அனுப்புங்க.

ஸ்கேனரில் செல்ஃப் அடிக்கும்போது ரெயில் பிரஷர் எவ்வளவு ஏறுதுன்னும் பாருங்க. பெரும்பாலான வண்டியில் சுமார் 150 முதல் 200 பார் வராமல் ஈசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) இன்ஜெக்டரைத் திறக்கவே சொல்லாது. செல்ஃப் நீளமாக அடிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

ஒரு கண்டிப்பு. இன்ஜின் ஓடும்போது ஹை பிரஷர் பைப்பில் ஸ்பேனர் வைக்காதீங்க. காமன் ரெயில் இல்லாத பழைய டீசல் இன்ஜினில் நாசில் நட்டைத் தளர்த்தி ஏர் எடுத்த பழக்கம் இங்கே ஆளைக் கொல்லும். ஆயிரம் பாருக்கு மேலே பீச்சும் டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். வெளியே ஊசி குத்தின புள்ளி மாதிரிதான் தெரியும், ஆனால் உள்ளே சதை அழுகும். அப்படிப் பட்டால் வலி இல்லைன்னாலும் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போகணும். கசிவு தேட கையை நீட்டாதீங்க, அட்டையை நீட்டுங்க.

---

சேசிஸ்_பட்டறை

டீசல் விஷயம் மேலே சரியாக வந்துவிட்டது. நான் சேசிஸை மட்டும் சொல்கிறேன்.

பிளேட் நிற்குமா என்பதை வெல்டர் முடிவு செய்ய முடியாது, சுத்தியல்தான் சொல்லணும். பொருக்கை முழுக்கச் சுரண்டிவிட்டு பால் பெயின் சுத்தியலால் ஒரு சாணுக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்று கேட்கும், கெட்டது மந்தமாக ஒலிக்கும். மந்தமான இடத்தில் பழைய ஸ்க்ரூ டிரைவரை அழுத்துங்கள். இறங்கினால் அந்த இடத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். காந்தம் ஒட்டாத இடம் இருந்தால் முன்னால் யாரோ பட்டி வைத்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

மீன் வண்டியில் எப்போதும் கெடும் இடங்கள்: பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே வைக்கும் மரக்கட்டை அல்லது ரப்பர் பேக்கிங்கின் அடி, பின் குறுக்குச் சட்டம், பின் ஹேங்கர், டேங்க் கட்டும் பட்டையின் உள்பக்கம். மரக்கட்டை உப்புத் தண்ணியைக் குடித்து மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். மேலே பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே அதன் அடியில் இரும்பு கரைந்துகொண்டிருக்கும். ஆகவே பாடியை ஒருமுறை தூக்காமல் இந்த வேலையைச் செய்வதில் பிரயோசனம் இல்லை. இரண்டு போல்ட் கரைந்திருக்கிறது என்றால் மற்றவையும் அதே வயசுதான், எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

ஹேங்கர் இருக்கும் இடத்தில் செங்குத்துப் பக்கம் மட்டும் மெலிந்திருந்தால் பிளேட் வைக்கலாம். கீழ் மடிப்பும் (சட்டத்தின் கீழே கிடையாக மடிந்த பகுதி) சேர்ந்து மெலிந்திருந்தால் பிளேட் வேண்டாம். லோடில் சேசிஸ் வளையும் பாரத்தைப் பெரும்பாலும் மடிப்புகள்தான் தாங்குகின்றன. அப்போது பின் பகுதியையே மாற்றும் வேலைக்குத்தான் போகணும்.

பிளேட் வைப்பதானால் சேசிஸ் தகட்டின் அதே கனம் போதும். அதிகக் கனம் போட்டால் பிளேட் முடியும் இடத்தில் சேசிஸ் வெடிப்பு விடும். நல்ல இரும்பின் மேல் இரண்டு பக்கமும் குறைந்தது 100 மி.மீ. ஏறி உட்காரணும். முனைகளை நேராக வெட்டாமல் சரிவாக வெட்டுங்கள், மூலைகளை உருட்டுங்கள். மேல் கீழ் மடிப்புகளில் குறுக்கே வெல்டிங் ஓட்டக் கூடாது, துளையும் போடக் கூடாது. ஹேங்கரின் பழைய ரிவெட்டை வெட்டி எடுத்தால் 8.8 அல்லது 10.9 என்ற வலிமை முத்திரையுள்ள போல்ட்டை இறுக்கமான துளையில் போட்டு லாக் நட் வையுங்கள். கேஸ் வைத்துச் சூடாக்கி நிமிர்த்துவது வேண்டாம், இரும்பின் பலம் போய்விடும். 7018 வெல்டிங் ராடு எடுத்தால் அடுப்பில் காய்ந்த ராடாக இருக்கட்டும். கடற்கரை ஈரத்தில் திறந்து கிடந்த ராடில் வெல்டிங் வெடிப்பு விடும்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி இரண்டு முனையும் கழற்றணும், ஈசியூ பிளக்கும் கழற்றணும். எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்கணும். டேங்க் வண்டியில் இருக்கும்போது பின் சேசிஸில் வெல்டிங் கூடவே கூடாது. எப்படியும் டேங்கை இறக்கத்தான் போகிறீர்கள், அதனால் இரண்டு வேலையையும் ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சேசிஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டரோ கனமான பெயின்டோ படவே கூடாது. எஃப்சியில் அதைத் தேய்த்துப் படி எடுப்பார்கள்.

பெயின்டைப் பொறுத்தவரை, வயர் பிரஷ் போட்டவுடன் பிரைமர் அடிப்பதுதான் இந்தப் பக்கம் நடக்கும் பெரிய தப்பு. துருவின் குழிகளுக்குள் உப்பு இருக்கிறது. முதலில் நல்ல தண்ணி ஊற்றித் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, மறுபடி கழுவி, பிறகு முழுக்கக் காய வையுங்கள். அதன் மேல் இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், மேலே பாலியூரிதேன் பெயின்ட். காலை ஒன்பதுக்கு மேல் பகல் மூன்றுக்குள் அடியுங்கள், சாயங்காலக் கடல்காற்றில் தகட்டில் ஈரம் படியும். துரு மாற்றி என்று விற்கும் பாஸ்பாரிக் திரவத்தைச் சுரண்டவே முடியாத குழிகளில் மட்டும் தடவுங்கள். அதன் மேல் துத்தநாக பிரைமர் அடிக்காதீர்கள். துத்தநாகம் வெறும் இரும்பைத் தொட்டால்தான் வேலை செய்யும்.

---

லைலேண்ட்_ரசிகன்

சேசிஸ், டேங்க் இரண்டையும்விட அவசரம் பிரேக் பைப், அண்ணே. சேசிஸ் ஓரமாகப் போகும் இரும்பு பைப் கிளிப் பிடிக்கும் இடத்தில்தான் கரையும். வெளியே நல்லா இருக்கும், கிளிப்பைத் தூக்கினால் பாதி கனம்தான் இருக்கும். எல்லா கிளிப்பையும் தூக்கிப் பாருங்க. கரைந்திருந்தால் முழு நீளமும் மாற்றுங்க, நடுவில் வெட்டி ஒட்டுப் போடாதீங்க. பைப் முனை இரட்டை மடிப்பாக இருக்கணும். டீசல் லைனின் இரும்புப் பகுதியும் அதே கிளிப்பில்தான் போகுது, அதையும் சேர்த்துப் பாருங்க.

பின் அச்சுக்கு மேலே லோடுக்குத் தகுந்த மாதிரி பிரேக் அழுத்தத்தை மாற்றும் வால்வு இருந்தால், அதன் கம்பியைக் கையால் அசைத்துப் பாருங்க. துருப்பிடித்து ஒரே இடத்தில் இறுகிப் போயிருக்கும். காலி வண்டியின் நிலையில் இறுகியிருந்தால் முழு லோடில் பின் பிரேக் பாதிதான் பிடிக்கும்.

---

பாம்பன்_லோடு

மூணு பேருக்கும் நன்றி. சோதனை முடிவு இது.

பாட்டிலில் அடியில் ஒரு விரல்கடை தண்ணி, அதற்கு மேலே பழுப்புத் தூள். ஜிகினா இல்லை. கேனில் ஓட்டினால் ஆர்பிஎம் தடையில்லாமல் ஏறுது, விளக்கு எரியலை. காலை ஸ்டார்ட் பாதி நேரமாகக் குறைந்தது, ஆனால் முழுக்கச் சரியாகலை. ரிட்டன் அளவு 3 நிமிஷத்தில் 22, 20, 58, 24 மில்லி. டேங்க் பக்கம் லைனில் எங்கேயும் டீசல் சொட்டலை.

சுத்தியலில் வலது ஹேங்கர் பக்கம் செங்குத்துத் தகடு மந்தமாகக் கேட்குது. கீழ் மடிப்பு நல்லா இருக்கு. பிரேக் பைப் இரண்டு கிளிப் அடியில் கரைந்திருக்கு, மாற்றச் சொல்லியாச்சு. டேங்கை எதில் கழுவுவது?

---

நாசில்_காரைக்குடி

இப்போ படம் தெளிவாக இருக்கு. லோடில் இழுவை போனது டேங்க் சல்லடையும் லைனும் அடைத்ததால். காலை ஸ்டார்ட் மூணாவது இன்ஜெக்டரால். அதை மட்டும் சோதனை மேசைக்கு அனுப்புங்க. நாலும் பம்பும் மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

சொட்டலை என்பதை வைத்து லைன் நல்லதுன்னு முடிவு பண்ணாதீங்க. உங்க வண்டியில் டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் டீசல் உறிஞ்சப்படுது. அந்த லைனில் ஓட்டை இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு டீசல் தாங்கும், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயைப் போட்டு ஐடிலில் பாருங்க. முதல் நிமிஷத்துக்குப் பிறகும் குமிழி வந்தால் ரப்பர் குழாய், கிளிப், ஃபில்டர் வாஷர் மூன்றில் ஒன்று.

டேங்க் கழுவும் முறை. டீசலை வடிச்சு டேங்கை இறக்குங்க. மிதவை யூனிட்டையும் சல்லடைக் குழாயையும் வெளியே எடுங்க. முதலில் சுடுதண்ணியும் சோப்புத் தூளும் போட்டு டீசல் பிசுக்கைக் கழுவணும், பிசுக்கு மேலே அமிலம் வேலை செய்யாது. அப்புறம் ஒரு கை நிறைய பழைய நட்டை எண்ணி உள்ளே போட்டு, கொஞ்சம் தண்ணியோடு நாலு பக்கமும் உருட்டுங்க. எடுக்கும்போதும் எண்ணி எடுங்க. அப்புறம் சிட்ரிக் அமிலம், அதாவது கடையில் எலுமிச்சை உப்புன்னு விற்கிறது, 10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு அரைக் கிலோ கணக்கில் டேங்க் நிறைய ஊற்றி ராத்திரி முழுக்க வைங்க. 60 லிட்டர் டேங்குன்னா 3 கிலோ ஆகும். காலையில் கொட்டிட்டு சலவை சோடா கரைசலால் ஒரு கழுவு, நல்ல தண்ணியால் இரண்டு கழுவு. உடனே புளோயர் வைத்து உலர்த்தி, ஒரு லிட்டர் டீசலை ஊற்றி உள்சுவர் முழுக்கப் படும்படி உருட்டுங்க. இந்தக் கடைசி வேலையில் தாமதம் கூடாது. கழுவின இரும்பு கண் முன்னாடியே மஞ்சளாகும்.

கக்கூஸ் கழுவும் ஆசிட் ஊற்றச் சொன்னால் கேட்காதீங்க. அதன் குளோரைடு தையல் இடுக்கில் தங்கி, கடல் உப்பு செய்கிற வேலையையே உள்ளிருந்து செய்யும். கழுவின பிறகு ஊசி ஓட்டை தெரிந்தால் வெல்டிங் வேண்டாம், டேங்கையே மாற்றுங்க. டீசல் டேங்கும் வெடிக்கும்.

லைனை இரண்டு முனையும் கழற்றி, ஃபில்டர் பக்கத்திலிருந்து டேங்க் பக்கமாக 2 பார் காற்று விடுங்க. பம்புக்குள்ள காற்று விடவே கூடாது. புது ஃபில்டரில் டீசலை நேராக ஊற்றி நிரப்பாதீங்க, வடிகட்டாத டீசல் சுத்தமான பக்கம் போயிடும். கை பம்பை அது இறுகும் வரை அமுக்கினால் போதும். செல்ஃப் ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேலே வேண்டாம், நடுவில் அரை நிமிஷம் இடைவெளி விடுங்க.

இன்ஜெக்டர் திரும்ப மாட்டும்போது அடியில் புது செப்பு வாஷர். புதுசாக வாங்கினால் தலையில் பொறித்த எண்ணை ஸ்கேனர் வழியாக ஈசியூவில் ஏற்றணும். ஏற்றலைன்னா ஐடில் நடுங்கும்.

---

தூத்துக்குடி_டிரைவர்

டேங்க் உள்ளே துத்தநாகக் கோட்டிங் அடித்தால் இனி துருவே வராது என்று சொல்கிறார்களே? சேசிஸுக்குக் கழிவு இன்ஜின் ஆயில் பீச்சுவதும் எல்லோரும் செய்வதுதான்.

---

நாசில்_காரைக்குடி

டேங்க் உள்ளே துத்தநாகம் வேண்டாம், சகோ. துத்தநாகமும் செம்பும் டீசலைக் கெடுக்கும். டீசலோடு சேர்ந்து சோப்பு மாதிரி பிசுக்கு உண்டாகி இன்ஜெக்டர் துளையில் படியும். செப்புக் குழாயில் டீசல் லைன் இழுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். எபாக்ஸி லைனர் துருவைக் கொஞ்சம் விட்டுவிட்டு அடித்தால் கொஞ்ச நாளில் தோலாக உரிந்து சல்லடையை அடைக்கும்.

---

சேசிஸ்_பட்டறை

கழிவு ஆயில் ரப்பர் புஷ்ஷை ஊத வைக்கும், அதன் அமிலம் இரும்புக்கும் ஆகாது, சொட்டுவது மண்ணையும் தண்ணியையும் கெடுக்கும். பெயின்டுக்குப் பிறகு மூடிய சட்டங்களின் உள்ளே மெழுகு வகை கேவிட்டி வேக்ஸை நீளக் குழாய் வைத்துப் பீச்சுங்கள், வருஷம் ஒருமுறை மழைக்கு முன். தார் மாதிரி அண்டர் கோட்டிங்கைத் துருவின் மேல் அடிக்கவே கூடாது. வெடிப்பு விட்டால் தண்ணி உள்ளே போகும், வெளியே வராது.

இன்னொன்று, பேட்டரி எர்த் பட்டை சேசிஸில் பிடிக்கும் இடம். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே மல்டிமீட்டரில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அங்கே துரு. செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் ரெயில் பிரஷரும் மெதுவாகத்தான் ஏறும். காலை ஸ்டார்ட்டில் அதற்கும் பங்கு இருக்கலாம்.

---

பாம்பன்_லோடு

எர்த் 0.9 வோல்ட் காட்டுது. சுரண்டி மாட்டிடறேன். எல்லாம் முடிந்த பிறகு திரும்ப வராமல் இருக்க தினமும் என்ன செய்யணும்?

---

லைலேண்ட்_ரசிகன்

ஐஸ் உருகும் தண்ணி சேசிஸ் மேலே விழாமல் பண்ணுங்க, பாதி துரு அங்கேயே நின்னுடும். பாடி தளத்தின் ஓட்டைகளை அடைத்து, பின் ஓரத்தில் ஒரே ஒரு வடிகால், அதில் ஒன்றரை இஞ்ச் குழாய் மாட்டி சேசிஸைத் தாண்டி ஒரு கேனில் விடுங்க. மரக்கட்டைக்குப் பதில் தண்ணி குடிக்காத ரப்பர் பட்டை போடுங்க.

லோடு இறக்கினதும் நல்ல தண்ணியால் அடிப்பக்கம் கழுவுங்க. பிரஷர் அதிகம் வேண்டாம், தண்ணி அளவுதான் முக்கியம். குறுக்குச் சட்டத்தின் வடிகால் துளையில் கம்பி விட்டு மண்ணை எடுங்க. போர் தண்ணி உப்பாக இருந்தால் அதில் கழுவுவது வீண்.

---

நாசில்_காரைக்குடி

ராத்திரி நிறுத்தும்போது டேங்க் காலியாக இருக்க வேண்டாம். காலியிடத்துக் காற்றின் ஈரம்தான் சுவரில் வியர்த்துத் தண்ணியாக இறங்குது. மூடியின் காற்றுத் துளையும் திறந்திருக்கணும், அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி நெடுஞ்சாலையில் திடீரென்று இழுவை போகும், மூடியைத் திறந்தால் சரியாகும். லாரி டேங்கரிலிருந்து டீசல் இறங்கும் நேரத்தில் பங்கில் நிரப்பாதீங்க, அடியில் கிடக்கும் தண்ணி கலங்கி மேலே வரும். சந்தேகமாக இருந்தால் தண்ணி காட்டும் பேஸ்ட் தடவிய கோலை பங்க் டேங்கில் விட்டுக் காட்டச் சொல்லுங்க. அடர்த்திச் சோதனையில் இந்தத் தண்ணி தெரியாது.

டேங்க் கழுவின பிறகு முதல் ஃபில்டரை 1000 கி.மீ.யில் மாற்றுங்க, மிச்சம் மீதித் தூள் அதில்தான் வரும். அடுத்தது 5000. அது சுத்தமாக இருந்தால் கம்பெனி சொன்ன கணக்குக்குத் திரும்பலாம். அடித் திருகு மட்டும் வாரம் ஒருமுறை, காலையில், ஸ்டார்ட் பண்ணும் முன்னாடி.